கட்டைவிரல் மடங்கிய பிடி

எண்பதைத் தொட்டுக்கொண்டும் தாண்டியும் இருக்கிற என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்பது நமக்கு மறந்துவிடுகிறது. ஒன்பது வயதில் பசித்தது மறப்பதில்லை. என்னிடம் ஒரு பழக்கம் உண்டு, உங்களில் சிலருக்கு அது எரிச்சலாகக்கூட இருக்கும்: தேதி தெரியாமல் எதையும் சொல்ல மாட்டேன். பழைய கோயில் காலண்டர்களை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறேன். கிடைக்காத ஆண்டுகளுக்கு, பாஸ்கு என்கிற ஈஸ்டர் எந்த நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமனத் தவக்காலம் எந்த ஞாயிறு தொடங்கியது என்று நானே கணக்குப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். பழைய பேப்பர்காரன் வரும்போதெல்லாம் மருமகள் அந்தப் பெட்டியை ஒரு பார்வை பார்ப்பாள்.

அந்தப் பெட்டியால்தான் அம்மா சொன்ன ஒரு பொய் எனக்குப் பிடிபட்டது. அது பிடிபட ஐம்பது வருஷம் ஆயிற்று.

1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி, திங்கட்கிழமை. சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள், அதாவது எல்லாப் புனிதர்களின் திருநாள். காலைப் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது பாகூர்ப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறியதற்கான வெடி. தம்பி பயந்துபோய் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அப்பா சிரித்தார். அவருக்குச் சோரியாங்குப்பத்துக்கு அருகே, எல்லையில் இருந்த சுங்கச் சாவடியில் வேலை. வண்டி வந்தால் குறுக்குக் கம்பைத் தூக்கி இறக்குகிற சேவகர். சிவப்புப் பட்டை போட்ட தொப்பி ஒன்று அவருக்கு உண்டு. அதைத் தலையில் வைத்தபோது இருந்த உயரம், எடுத்தபோது அவருக்கு இருந்ததில்லை.

அன்று தூக்கிய கம்பு அப்புறம் இறங்கவே இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நாடு ஆனபிறகு நடுவில் கம்பு எதற்கு? புது சர்க்கார் வேறு வேலை போட்டுக் கொடுக்கும், உத்தரவு வரும் என்றார்கள். அப்பா திங்கட்கிழமைதோறும் தொப்பியைத் துணியில் சுற்றிக்கொண்டு பாண்டிக்குப் போவார். பொழுது சாயத் திரும்புவார். "அடுத்த வாரம் வரச் சொல்லிக்கிறாங்க" என்பார். தொப்பி ஆணிக்குப் போகும்.

ஊருக்கு நாங்கள் சர்க்கார் வீடு. சர்க்கார் வீட்டில் அடுப்பு அணைந்திருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

பிடியரிசியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நம் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் விளங்கட்டும். உலைக்கு அரிசி களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்து, "சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்று சொல்லித் தனிக் கலயத்தில் போடுவது. ஞாயிற்றுக்கிழமை கலயத்தைக் கோயிலுக்கு எடுத்துப்போய், சாமியாருக்கு உதவியாக இருந்து ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வாசலில் விரித்திருக்கும் பாயில் கொட்டுவது. எங்கள் வீட்டுக் கலயம் கறுப்பு, கழுத்து ஒடுங்கியது. அதன் வயிற்றில் அம்மா சுண்ணாம்பால் சிலுவை போட்டிருந்தார். தேய்ந்தால் மறுபடி போடுவார். கொட்டாங்கச்சிதான் மூடி.

அம்மா எதற்கும் தோத்திரம் சொல்லுகிறவர். மழை வந்தால் தோத்திரம், விட்டால் தோத்திரம். தம்பி விழுந்து முட்டி பேர்ந்தால், "பல்லு போவலியே, தோத்திரம்." அந்த வயதில் எனக்கு அது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தது. அப்பாவுக்கு வேலை போன முதல் வாரம்கூட, "ஆத்துல கம்பு எடுக்கப்போயி கால் போனவங்க இருக்காங்க. இவருக்குக் கம்புதானே போச்சி, கால் இருக்கே" என்றார்.

அம்மா பிறந்த ஊர் ஏம்பலம். மாமா அறுவடைக்கு அறுவடை ஒரு மூட்டை சிவப்பரிசி அனுப்புவார். தை மாதத்து மூட்டை அடுத்த தை வரை வருவது எங்கள் வீட்டு வழக்கம். கூடவே அப்பா சம்பளத்தில் வெள்ளரிசி வாங்கிக் கலந்துகொள்வோம். அந்த வருஷம் சம்பளம் நின்றதால் மூட்டை நவம்பரிலேயே முடிந்தது, அப்புறம் கடன் சொல்லி வாங்கிய வெள்ளரிசிதான். ஒரு படி வெந்த வீட்டில் அரைப்படி வெந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் போன அந்த வாரத்திலேயே அம்மா ஒருசந்தி, ஒரு வேளை மட்டும் உண்ணும் விரதம், தொடங்கினார். அப்பாவுக்குச் சோறு போட்டு, எங்களுக்குப் போட்டு, "எனக்கு ஒருசந்தி" என்பார்.

"உங்கம்மாவுக்கு பக்தி ஜாஸ்தி" என்று அப்பா எங்களிடம் பெருமையாகச் சொல்வார். இன்னொரு கவளம் பிசைவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் நிஜமாகவே நம்பினார். நாங்களும் நம்பினோம்.

நம்பாதவள் ஒருத்தி உண்டு. கடற்கரையிலிருந்து தலைக்கூடையோடு வரும் மீன்காரம்மா. அவளுக்கு மாரியம்மன் தெய்வம், ஆனால் எங்கள் வீட்டு விரத நாளெல்லாம் எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அம்மா மீன் வேண்டாம் என்றதும் கூடையை இறக்காமலே கேட்டாள்.

"ஏம்மா வாணாம்?"

"ஒருசந்தி."

"மீனுக்கு இன்னாம்மா ஒருசந்தி? வெள்ளிக்கெழமயே கறிய வுட்டுட்டு மீனத் துன்றவங்க நீங்க! எனக்கே நாமம் போடுறியா?"

அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். மீன்காரம்மா என்னைப் பார்த்தாள். கூடையிலிருந்து நாலு காரப்பொடி மீனை எடுத்து என் பாவாடையில் போட்டாள். "உங்கம்மா கேட்டா பூனைக்குன்னு சொல்லு" என்றாள். எங்கள் வீட்டில் பூனை இல்லை.

அம்மாவின் வலது ஆள்காட்டி விரலில் நகச்சுற்று வந்தது நவம்பர் நடுவில். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் தொப்பிபோல் செருகி விட்டிருந்தார் அப்பா. விரல் விண்விண் என்று தெறிக்க, அந்த மஞ்சள் தொப்பியோடு அம்மா எல்லா வேலையும் இடது கையால் செய்தார், ஒன்றைத் தவிர. சர்வேசுரனுக்கு இடது கையால் கொடுக்கக் கூடாது.

"நீ எடுடி பிடி" என்று என்னிடம் சொன்னார். "நல்லா நெறைய அள்ளு."

ஒன்பது வயதுக் கை எவ்வளவு அள்ளும்? அதிலும் நான் ஒரு வித்தை கண்டுபிடித்தேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, அதன்மேல் மற்ற விரல்களை மூடினால் பிடி பெரிதாகத் தெரியும், உள்ளே அரிசி பாதிதான் இருக்கும். மிச்சம் உலைக்குப் போகும். தம்பிக்கு ஒரு வாய் கூடும். அவனுக்கு அப்போது நாலு வயது. தட்டை வழித்துவிட்டு, தட்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பான். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கட்டைவிரலை மடக்கினேன். திருடுகிறோம் என்று தெரியும். யாரிடமிருந்து என்பதும் தெரியும். "சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்று சொல்லும்போது குரல் தானாக இறங்கிவிடும்.

நவம்பர் 21, ஞாயிறு. கலயத்தைக் கவிழ்த்தபோது கொஞ்சம்தான் விழுந்தது. உபதேசியாருக்குக் கண் மங்கல், கவனிக்கவில்லை. கவனித்தது கோடி வீட்டு அத்தை. தெருவின் கடைசி வீடு, தனிக்கட்டை. மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போனவன். "எம் மவன் அனுப்பறது எனக்குத் துன்னு மாளல" என்று மாதம் ஒருமுறையாவது தெருவில் நின்று சொல்வார். அவர் வாய்க்கு ஊரே ஒதுங்கும்.

"இன்னாடி இது, சர்க்கார் வூட்டுக் கலயம் இன்னிக்கி மெலிஞ்சி பூட்டுது?" என்றார், நாலு பேர் கேட்க.

இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே பார்த்தபடி நடந்தார். வீட்டுக்கு வந்ததும், "அந்தப் பொம்பளைக்கு நாக்குல நெருப்பு" என்றார். அம்மா யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த வாரமும் நான் கட்டைவிரலை மடக்கத்தான் செய்தேன். அவமானம் ஒரு நாள்தான், தம்பியின் தட்டு தினமும். ஆனால் 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கலயத்தைத் தூக்கினால், கனத்தது. கொட்டாங்கச்சியை எடுத்துப் பார்த்தேன். கழுத்துவரை அரிசி.

நீங்கள் என்ன நினைத்திருப்பீர்களோ, எனக்கு அந்த நிமிஷத்தில் சந்தேகமே இல்லை. ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பெருக்கிய கதையை ஞானோபதேச வகுப்பில் அப்போதுதான் படித்திருந்தோம். மாதா என் தம்பியைப் பார்த்திருக்கிறாள். என் திருட்டை மூடிவிட்டாள். கோயிலில் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் சொல்லாமல் நானே தோத்திரம் சொன்னேன். கண்ணீர் வந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்புறம் நான் சோதித்தும் பார்த்தேன். கட்டைவிரலோடு சுண்டுவிரலையும் மடக்கினேன். டிசம்பர் 5: கலயம் நிறைந்திருந்தது. மோதிரவிரலையும் மடக்கினேன். பிடி என்று பேர், பத்துப் பதினைந்து மணிதான் விழுந்திருக்கும். டிசம்பர் 12: நிறைந்திருந்தது. நான் குறைக்கக் குறைக்க மாதா கூட்டினாள். அந்த ஞாயிறு சுவிசேஷத்துக்கு எல்லோரும் எழுந்தபோது அம்மா மட்டும் எழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். நான் அதைப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

மாதா எப்போது வருகிறாள் என்று பார்த்துவிட ஆசை. வெள்ளிக்கிழமை கலயம் காலி, ஞாயிறு காலை நிறைவு. அப்படியானால் சனிக்கிழமை. டிசம்பர் 18, சனிக்கிழமை சாயங்காலம், கன்றுக்குட்டி இல்லாமல் காலியாகக் கிடந்த கொட்டிலில், அடுக்களைச் சுவர் ஓட்டைக்கு நேராக உட்கார்ந்துகொண்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சாணி காய்ந்த வாசனை, நனைந்த வைக்கோல் வாசனை.

அம்மா வந்தார். முறத்தில் ஒரு பிடி அரிசி தனியாக இருந்தது. ஒரு பழந்துணி முடிச்சை அவிழ்த்தார். அதில் இன்னும் நாலைந்து பிடி. ஒவ்வொரு நாளும் தன் பங்குக்கு வேக வேண்டியதை வேகவிடாமல் முடிந்து வைத்தது. வலது விரலில் எலுமிச்சம்பழம். இடது கையால் அள்ளிக் கலயத்தில் போட்டார்.

"எடது கையால போடறேன். பொறுத்துக்கோ, சேசுவே. புள்ளைக்குத் தெரிய வாணாம்" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டில் எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தார். "எனக்கு ஒருசந்தி" என்றார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாடி, எறங்கலியா?" என்று கேட்டார். மாதாவுக்கு நான் சொன்ன தோத்திரமெல்லாம் யாருடையது என்று அப்போது தெரிந்தது. ஆனால் அதைத் திருப்பி, சேர வேண்டிய இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டிசம்பர் 20, திங்கள். அப்பா பாண்டிக்குப் போயிருந்தார். நல்ல மழை. உச்சிப்பொழுதில் கோடி வீட்டு அத்தை, தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு, முந்தானைக்குள் ஒரு சட்டியை மறைத்துக்கொண்டு வந்தார். அம்மா எழுந்து நின்றார். முகம் இறுகிவிட்டது. இன்னொரு வம்புக்குத் தயாரானார் என்று நினைத்தேன்.

"இந்தாம்மே, இத உள்ள வை" என்றார் அத்தை.

"இன்னா அண்ணி இது?"

"அரிசி. தெரியல? கண்ணும் பூட்டுதா?"

"எங்களுக்கு எதுக்கு? அவரு இன்னிக்கி உத்தரவு வாங்கினு வந்துடுவாரு."

"ஆமா, ஏழு வாரமா வாங்கினுதான் வராரு."

"உங்க மவன் அனுப்பறது உங்களுக்கு. நீங்க வச்சிக்கோங்க அண்ணி. எங்களுக்குச் சர்வேசுரன் இருக்காரு."

அத்தை சட்டியைத் தரையில் வைத்தார். கோணியை உதறினார். தெருப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவரிடமிருந்து நான் கேட்டேயிராத சன்னக் குரலில் பேசினார்.

"எம் மவன் ஒரு கடுதாசி போட்டு நாலு வருசம் ஆவுது. உசுரோட கீறானான்னு மாதாவுக்குத்தான் தெரியும். இது கோயில் அரிசி. நீங்கல்லாம் பாய்ல கொட்டறீங்களே, அது. ஞாயித்துக்கெழம ஆனா சாயங்காலம் உபதேசியாரு எம் வூட்டுக் கொல்லப்பக்கமா வந்து குடுத்துட்டுப் போவாரு. மூணு வருசமா அதத் துன்னுகினுதான் சைகோன்ல இருந்து வருதுன்னு பீத்திக்கினு கீறேன். போதுமா? தெரிஞ்சிக்கினியா?"

அத்தை முகத்து மழைத்தண்ணியை முந்தானையால் துடைத்துவிட்டு மேலே பேசினார்.

"பல வூட்டு அரிசி, பல நெறம். உங்கூட்டுதுல செவப்பு இருக்கும். நம்ம கோயில்காரங்கள்ல செவப்பரிசி துன்றவ நீ ஒருத்திதான். வெள்ள அரிசியெல்லாம் வெந்து கொழஞ்சிடும், அந்தச் செவப்பு மட்டும் மொறச்சிக்கினு நிக்கும். அது வேவற வரைக்கும் அடுப்பாண்ட குந்திகினு உங்க நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு பிரியதத்தம்னு மாதா செபம் சொல்லுவேன். வேற இன்னா வேல எனக்கு? இந்த வருசம் வரவர செவப்பு கொறஞ்சிது. ஆகமனத்துல ஒண்ணுகூட இல்ல. முறத்துல போட்டுப் பொறுக்கிப் பாத்துட்டேன். கலயம் என்னமோ ரொம்பிதான் வருது. ரொம்பி வந்தா இன்னா, நெறம் சொல்லுதே. நேத்து உபதேசியாரான்ட சொன்னேன். 'சர்க்கார் வூடு, கலயமும் ரொம்பி வருது, போய்க் கேட்டா மூஞ்சில அடிச்சாப்பல ஆயிடும்'னு தயங்கறாரு. அதான் எனக்குக் குடுத்ததுல பாதி கொண்ணாந்தேன். வாணாம்னா நீயே கொண்டுபோய்க் கொட்டு. நான் திருப்பித் தூக்க மாட்டேன், இடுப்பு வலிக்குது."

என் அம்மா மழைக்கும் முட்டிக் காயத்துக்கும் நொடியில் தோத்திரம் சொல்லுகிறவர். அன்று ஒரு சொல்லும் வரவில்லை. சர்வேசுரனுக்குச் சொல்வது அவருக்கு எளிது. எதிரே கோணி சொட்டச் சொட்ட நிற்கிற பெண்ணுக்குச் சொல்வது அப்படியில்லை, அதுவும் நாக்கில் நெருப்பு என்று தான் சொன்ன பெண்ணுக்கு. வாங்க மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் சட்டியையே பார்த்தேன். தம்பி சட்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டான்.

கடைசியில் அம்மா சொன்னது இதுதான்:

"குந்துங்க அண்ணி. உல வச்சிடறேன். சேந்து துன்னுட்டுப் போலாம்."

அத்தை கோணியைச் சுருட்டிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அம்மா சட்டியை என் முன்னால் நகர்த்தினார்.

"பிடி எடுடி."

அத்தை வாய்விட்டுச் சிரித்தார். "அடியே, கோயில் அரிசியில கோயிலுக்குப் பிடியா? உபதேசியாரு கேட்டா வயிறு வலிக்கச் சிரிப்பாரு!"

"இது அரிசிக்கு இல்ல அண்ணி" என்றார் அம்மா. "நீங்க வந்ததுக்கு."

அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டு மழையைப் பார்க்கத் தொடங்கினார்.

நான் சட்டிக்குள் கைவிட்டேன். நொய், புழுங்கல், பச்சை, மங்கலான பழுப்பு, எல்லாம் கலந்த அரிசி. ஒரு மாதப் பழக்கம், கட்டைவிரல் தானாக மடங்கியது. கையை வெளியே எடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். எலுமிச்சம்பழம் செருகிய விரலால் என் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அவருக்கு வலித்திருக்க வேண்டும். கட்டைவிரலுக்கு வந்தபோது அதை வெளியே இழுத்துவிட்டு, அத்தைக்குக் கேட்காதபடி, "இத வெளிய வச்சிகினு அள்ளு" என்றார். அவ்வளவுதான். எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. முழுப் பிடி அள்ளினேன். கலயத்தில் விழுந்த சத்தம் வேறுமாதிரி இருந்தது.

அந்தச் சோறு ஒழுங்காக வேகவில்லை. ஒரு வாயில் கூழ், ஒரு வாயில் கல். நால்வரும் சாப்பிட்டோம். அம்மா தட்டில் கை வைத்ததும் தம்பி பதறிப்போய், "அம்மா, ஒருசந்தி!" என்றான்.

"முடிஞ்சி போச்சிடா" என்றார் அம்மா.

அப்பாவுக்கு உத்தரவு ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகு வந்தது. வேறு ஆபீஸில் சேவகர். தொப்பி கிடையாது. தை பிறந்து ஏம்பலத்து மூட்டை வந்ததும், அம்மா ஒரு படி சிவப்பரிசியைத் தனியாக எடுத்து வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினார், கொல்லைப்பக்கமாக. அத்தையின் மகனைப் பற்றிய உண்மையைச் சாகும்வரை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. அவன் கடைசிவரை வரவும் இல்லை. தெருவில் நின்று அத்தை சைகோன் கதையை அவிழ்த்துவிடும்போதெல்லாம், "ஆமா, நல்ல புள்ள" என்று அம்மா தலையாட்டுவார். எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டதால்தான் இப்போது எழுதுகிறேன்.

ஒருசந்திக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1954இல் ஆகமன காலம் தொடங்கியது நவம்பர் 28. அம்மா ஒருசந்தி தொடங்கியது அதற்கு மூன்று வாரம் முன்னால். ஆகமனத்தில்கூட நாள் தவறாமல் யாரும் ஒருசந்தி இருந்ததில்லை. தகரப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் இதைக் கண்டுபிடித்தேன். முடிச்சு அரிசியைப் பார்த்த எனக்கே அதுவரை, விரதம் உண்மை, அந்த அரிசியைத்தான் கலயத்தில் போட்டார் என்ற எண்ணம் இருந்தது. விரதமே இல்லை, இருந்தது வெறும் பட்டினி என்று காலண்டர் சொன்னது. அப்பாவும் போய்விட்டிருந்தார், சொல்ல ஆளில்லை.

அந்தக் கலயம் எந்த வீடு மாறும்போது உடைந்ததென்று மட்டும் என்னிடம் தேதி இல்லை. இப்போது ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. குக்கரில் அரிசி போடுமுன் ஒரு பிடி அதற்குப் போகிறது. சர்வேசுரனுக்குத் தோத்திரம் என்று சொல்லி நிறுத்துவதில்லை. அம்மாவுக்கு, கோடி வீட்டு அத்தைக்கு, நாலு காரப்பொடி போட்ட அந்த மீன்காரம்மாவுக்கு என்று பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். மருமகள் கேஸ் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் காத்திருக்கிறாள், பாவம்.

மூட்டுவாதம் வந்து ஆறு வருஷமாகிறது. என் வலது கட்டைவிரல் இப்போது மடங்குவதில்லை. அள்ளுகிற பிடி முழுப்பிடியாகவே இருக்கிறது.